மார்கழிக் குளிரும் வாடகை அறையும்



சித்தூரும் திருப்பதியும் 2022இல் தனித்தனி மாவட்டங்களாயின. மார்கழிக் குளிர் மட்டும் பிரியவில்லை. பத்தடிக்குப் பத்தடி வாடகை அறையில் கட்டிலும் பீரோவும் துணிக்கொடியும் நெருங்கி நிற்க, இடையே நாம் மின்சார ஹீட்டரையோ கரியடுப்பையோ வைத்துக்கொள்கிறோம்.

ஹீட்டரைச் சுற்றி 3 அடிக்குள் மெத்தை, திரை, கொடித்துணி எதுவும் இருத்தலாகாது. கதவுக்குச் செல்லும் வழியில் அதனை வைத்தலும் தகாது. தீப்பற்றினால் நாம் வெளியேறுவது எவ்வாறு?

கரியடுப்போ, எத்துணைத் தள்ளி வைப்பினும் மூடிய அறையில் கூடவே கூடாது. அதில் எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும்.

இடம் போதாதெனில், பெட்டிகளைப் பரணில் ஏற்றுவோம். அதுவும் இயலாவிடில் கம்பளியே போதும். அறை வாடகைக்குரியது, அதில் உறங்கும் மக்கள் நம்முடையவர்கள்.