மாநில எல்லையும் ஆற்றுநீரும்: பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்பாடு தரும் படிப்பினைகள்

(சித்தூர் வட்டத்தில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்கை வளங்களைப் பேணிப் பயன்படுத்துவதில் வளரும் நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்பது பன்னாட்டு மாநாடுகளில் ஒலித்துவரும் முழக்கம். கங்கையையும் மீகாங்கையும் நைலையும் முன்வைத்து அங்கே விவாதிக்கப்படும் சிக்கல்கள் அனைத்தும் கொழிஞ்சாம்பாறைக்கும் குமுளிக்கும் இடைப்பட்ட நம் எல்லைப்பகுதியிலேயே இருக்கின்றன. ஆகவே நம் வீட்டு வாசலில் ஓடும் தண்ணீரிலிருந்தே தொடங்குவோம்.

உடன்பாடு சொல்வது என்ன?

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. மலைகளின் மீது எல்லைக்கோடு விழுந்தது. நீர் தன் பழைய வழியிலேயே ஓடியது. அடுத்த இரண்டாண்டுகளில், கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையிலும் சென்னையில் காமராஜர் தலைமையிலும் அரசுகள் இருந்தபோது, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்திற்கான உடன்பாடு உருவாயிற்று. 1970 மே 29 அன்று அச்சுத மேனன் அரசும் கலைஞர் அரசும் முறைப்படி கையொப்பமிட்ட அந்த உடன்பாடு, 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது.

இத்திட்டத்தின் தனித்தன்மையை நாம் நன்கு உணர வேண்டும். பரம்பிக்குளம், துணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய அணைகள் கேரள மண்ணில் உள்ளன; அவற்றை இயக்குவது தமிழ்நாடு. அங்கிருந்து செல்லும் நீர் காண்டூர் கால்வாய் வழியே திருமூர்த்தி அணையை அடைந்து, கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குப் பாய்கிறது. மறுபுறம் ஆழியாறு அணை தமிழ்நாட்டில் உள்ளது. அதன் நீர் சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழையில் சேர்கிறது. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீரைத் தமிழ்நாடு கேரளத்திற்கு வழங்க வேண்டும். கேரளச் சோலையாறு அணை செப்டம்பர் 1, பிப்ரவரி 1 ஆகிய நாள்களில் நிரம்பியிருக்க வேண்டும். ஓரிடத்தில் தலைமடையாக இருக்கும் மாநிலம் மற்றோரிடத்தில் கடைமடையாக இருக்கிறது. ஒருவர் கையை மற்றவர் விட்டுவிட முடியாத ஏற்பாடு இது.

முப்பதாண்டு மறுஆய்வு

முப்பதாண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று அந்த உடன்பாடே கூறுகிறது. முதல் மறுஆய்வு 1988-இல் முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் தவணையான 2018-உம் கடந்தது. 2019 செப்டம்பரில் இரு முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, குழுக்கள் அமைக்க ஒப்புக்கொண்டனர். ஆயினும் இன்றும் 1958-இன் கணக்கே நம்மை ஆள்கிறது.

இந்தக் காலத்தாழ்வின் சுமை யார் தோளில் விழுகிறது? திருமூர்த்தி அணையின் 3.77 லட்சம் ஏக்கர் பாசனப்பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு மண்டலத்து உழவர் தம் முறைக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருக்கிறார். இப்பக்கம், மழை குறைந்த சித்தூரின் கிழக்கு ஊராட்சிகளில், மணக்கடவில் நீர் குறையும் ஆண்டுகளில் நெற்பயிர் கருகுகிறது. இரு பக்கத்து உழவரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுகின்றனர். மறுஆய்வு செய்யத் தவறிய அரசுகளை எவரும் கேட்பதில்லை.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’ என்ற தொடர் தமிழ்நாட்டு அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. அதை மலையாளத்தில் பெயர்க்கும்போது சாலக்குடி ஆற்றங்கரைத் தோழர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு அந்த நீர் குடிநீராகவும் மீனாகவும் கழிமுகத்தில் உப்பேறாமல் காக்கும் அரணாகவும் இருக்கிறது. அதேபோல் ‘எங்கள் தண்ணீர்’ என்று இங்கிருந்து எழுதப்படுவதைத் தமிழில் பெயர்த்தால், உடுமலை உழவரின் உழைப்பு அதில் காணாமல் போகிறது. ஒரு மொழியில் நியாயமாக ஒலிப்பது மறுமொழியில் ஏன் வசையாக மாறுகிறது என்று ஆராய்வது அரசியல் பணியே ஆகும்.

முல்லைப் பெரியாறும் தொழிலாளி வர்க்கமும்

இடுக்கியில் நிலைமை இன்னும் கடினமானது. 1886-இல் திருவிதாங்கூர் மன்னரிடம் ஆங்கிலேய அரசு 999 ஆண்டுகளுக்கு எழுதி வாங்கிய குத்தகை அது. 1970-இல் குத்தகைத் தொகை உயர்த்தப்பட்டது. தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்கள் அந்நீரை நம்பியுள்ளன. அணைக்குக் கீழே வாழ்வோர் அச்சத்துடன் இருக்கின்றனர். இரண்டும் மெய். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என உறுதிசெய்தது. தீர்ப்பினால் அச்சம் தணியவில்லை.

2011 டிசம்பரில் எல்லையில் பதற்றம் மூண்டபோது குமுளிச் சாலை அடைபட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண் தொழிலாளர்கள் கூலியிழந்தனர், காய்கறிகள் அழுகின. இனவெறிப் பேச்சின் விலையை எந்த வர்க்கம் கொடுத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிளாச்சிமடை காட்டிய வழி

இரு மாநில உழவர்களும் மோதிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக ஒருவர் நீரை எடுத்துச் செல்ல முடியும் என்பதைப் பெருமாட்டி ஊராட்சி கண்டது. 2000-இல் பிளாச்சிமடையில் தொடங்கிய கோக்கோகோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியது. கிணறுகள் கெட்டன. 2002 ஏப்ரல் 22 அன்று ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர்; மயிலம்மா அதன் முகமானார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இழப்பு ரூ.216 கோடி எனக் கேரள அரசின் உயர்நிலைக் குழு 2010-இல் மதிப்பிட்டது. இழப்பீட்டுக்காகச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அங்கே தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் ஒரே பந்தலில் அமர்ந்தனர் என்பதை நினைவிற்கொள்வோம்.

நம் முன் உள்ள கடமைகள்

1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் கங்கை நீரை முப்பதாண்டுகளுக்குப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன. அதற்கு வழிவகுத்தவர்களில் மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த தோழர் ஜோதிபாசு முக்கியமானவர். தம் மாநிலத்தின் தேவையை அவர் மறக்கவில்லை. அண்டை நாட்டு உழவரையும் மறக்கவில்லை. இரு நாடுகளுக்கிடையே இயன்றது இரு மாநிலங்களுக்கிடையே இயலாதா?

மூன்று கடமைகளைக் கூறி முடிக்கிறேன். முதலாவது, பரம்பிக்குளம்–ஆழியாறு மறுஆய்வு உடனே தொடங்க வேண்டும். மழையளவும் அணைக் கொள்ளளவும் மணக்கடவு நீரளவும் இரு மொழிகளிலும் நாள்தோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, சோலைக்காடும் புல்வெளியுமே இந்த அணைகளின் ஊற்றுக்கண். ஆனைமலையிலும் பரம்பிக்குளத்திலும் பெரியாற்றிலும் அவற்றைக் காக்கும் பணியில் ஆதிவாசி மக்களின் வன உரிமை முதலிடம் பெற வேண்டும். மூன்றாவது, எல்லையின் இருபுற விவசாய சங்கங்களும் தோட்டத் தொழிலாளர் சங்கங்களும் நெருக்கடி வருமுன்னரே ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும். ஓர் அகில இந்தியக் கட்சி வாளையாற்றுக்கு அப்பால் ஒரு குரலிலும் இப்பால் வேறொரு குரலிலும் பேசினால், அந்த இடைவெளியில் புகுவோர் நம் நண்பர்களாக இருக்கமாட்டார்கள்.

அடுத்த நீராண்டு ஜூலையில் தொடங்கும். அதற்குள் பொள்ளாச்சித் தோழர்களையும் சித்தூர்த் தோழர்களையும் மணக்கடவில் ஒன்றுகூட்டும் பொறுப்பை இந்த வகுப்பில் கலந்துகொண்டோர் ஏற்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.