கைமாறும் புத்தகம், கைமாறாத புத்தகம்

(நம் நலச் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



கூட்டப் பொருளில் ஐந்தாவதாக ஒரு வரி இருக்கிறது. கீழ்த்தளத்தில் உள்ள படிப்பகத்தை கூரியர் பார்சல் வைக்கும் அறையாக மாற்றுவது பற்றி. காரணமும் போட்டிருக்கிறார்கள்: எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, புத்தகமெல்லாம் அதிலேயே வந்துவிட்டது, அலமாரியை யாரும் தொடுவதில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் கை தூக்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் என் பேச்சைக் கேளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் காகிதத்தின் பக்கம் சாய்ந்தவன். விருதுநகரில் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, பாதிக்கு மேற்பட்ட சர்வீஸை சிவகாசியில் கழித்தேன். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் அந்த ஊருக்குச் சோறு போடுகிற தொழில்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்குப் பிறகு எங்கள் கவுண்டரில் மூச்சு விட நேரம் இருக்காது. நோட்டுப் புத்தகம், டைரி, லேபிள் என்று காகிதத்தில் பிழைப்பவர்களின் கணக்கைத்தான் ஆயுளுக்கும் எழுதினேன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது வேண்டாம் என்று வாசலில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு என்ன ஆயிற்று? பேலன்சிங் டேலி ஆகவில்லை என்று ராத்திரி பத்து மணி வரை லெட்ஜரைப் புரட்டிக்கொண்டிருந்த நாங்கள் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனோம். புதுசு என்றால் முதலில் பயப்படுவது என் சுபாவம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அதனால் மின்நூலைத் திட்டுவதற்காக இங்கே நிற்கவில்லை.

திட்டவும் முடியாது. சில வருடங்களுக்கு முன் கண்ணில் புரை வந்து அச்செழுத்து மங்கிப்போனது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பொடி எழுத்து கஷ்டம்தான். படிப்பதையே விட்டுவிட்டேன். என் மகள்தான் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்து, இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒரு பக்கத்துக்கு எட்டு வரி வந்தாலும் போதும், படிக்க முடிந்தது. அந்தச் சந்தோஷத்தை, படிப்பை இழந்து திரும்பப் பெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தமிழுக்கு மின்நூல் செய்திருக்கும் உபகாரமும் சின்னது இல்லை. 1998 பொங்கல் சமயத்தில் மதுரைத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக இணையத்தில் வைத்தார்கள். ஊர் பெரிய நூலகத்திலும் கிடைக்காத நூல்கள் இன்று நம் படுக்கை அறைக்கே வருகின்றன.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரிந்ததில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் உண்டு. 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்நூலகம் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சேர்க்கிறார்கள். ஒரே இடத்தில் வைத்ததை ஒரே ராத்திரியில் அழிக்கலாம். பல இடத்தில் பிரதி இருந்தால் அது அவ்வளவு சுலபம் இல்லை.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். சொந்த வீட்டை விட்டு இந்தக் குடியிருப்புக்கு வந்தபோது, இடம் இல்லை என்று முந்நூறு புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். எல்லாம்தான் போனில் கிடைக்கிறதே என்ற தைரியம்.

அதில் என் அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த பைண்டு தொகுதிகளும் இருந்தன. ‘கல்கி’ இதழில் 1950இல் தொடங்கித் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’. வாராவாரம் பக்கத்தைக் கிழித்து, சேர்த்து, தைத்து வைத்தது. மணியம் வரைந்த படங்கள், அந்தக் காலத்து விளம்பரங்கள் எல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் யார் யார் இரவல் வாங்கினார்கள் என்று அம்மா பென்சிலால் எழுதி வைத்திருப்பார். தெருவில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். ‘திருப்பித் தரவில்லை, கேட்க வேண்டும்’ என்றுகூட ஒரு குறிப்பு உண்டு.

மூன்றாம் நாள் ஞாபகம் வந்து ஓடினேன். “லோடு போயிருச்சே அண்ணாச்சி” என்றார் கடைக்காரர். எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். அட்டை மில்லுக்குப் போயிருக்கலாம், வெடிக்குக் குழாய் சுற்றப் போயிருக்கலாம் என்றார். நம் பக்கத்தில் பழைய காகிதத்துக்கு அப்படி ஒரு வழி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தீபாவளிக்கு வாசலில் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பேரன் பொறுக்கி, “தாத்தா, இதுல எழுத்து இருக்கு” என்று காட்டினான். அது ஏதோ ஒரு பள்ளி நோட்ஸ். இருந்தாலும் நான் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்கியின் எழுத்துகள் அரசுடைமை ஆனவை. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் என் டேப்லெட்டில் காசில்லாமல் இருக்கிறது. ஒரு வரியும் தொலையவில்லை. தொலைந்தது அந்த இரவல் கணக்கு. அதற்கு வேறெங்கும் பிரதி கிடையாது.

இந்தத் தப்பைச் செய்த முதல் ஆள் நான் இல்லை. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. அந்தக் கோயிலில் இருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். அவரே எழுதி வைத்திருக்கிறார். ஓலையிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்தில் அது நடந்தது. அச்சிலிருந்து திரைக்கு மாறும் நம் காலத்தில் நாம் எடைக்குப் போடுகிறோம்.

நேர்மாறாக ஒருவரும் இருந்தார். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா. பிறர் வேண்டாம் என்று தள்ளிய தமிழ் நூல்களையும், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை போன்றவற்றையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அது அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஒரு தனி மனிதர் காகிதத்தைக் காப்பாற்றி வைத்ததால்தான் பிறகு அதைப் பிரதி எடுக்க முடிந்தது.

இப்போது கிளார்க்காக ஒரு கணக்கு சொல்கிறேன். கடையில் 200 ரூபாய் கொடுத்துப் புத்தகம் வாங்கினால் அது என் சொத்து. இரவல் கொடுக்கலாம், பரிசளிக்கலாம், எனக்குப் பிறகு பேரன் வைத்துக்கொள்ளலாம். அதே பணத்துக்கு மின்நூல் வாங்கினால், பெரும்பாலும் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டும்தான். அது என் பெயரில் உள்ள கணக்கோடு கட்டுண்டது. எதிர் வீட்டுக்காரருக்கு இரவல் தர முடியாது.

2009 ஜூலையில் அமெரிக்காவில் ஒன்று நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ நாவலைக் காசு கொடுத்து கிண்டிலில் வாங்கியிருந்தவர்களின் கருவியிலிருந்து அமேசான் அதை அழித்துவிட்டது. உரிமை இல்லாத ஒருவர் அதை விற்பனைக்கு வைத்திருந்தது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்களும் சேர்ந்து மறைந்தன. அங்கும் பணம் திரும்ப வந்தது. ஆனால் நம் வீட்டு அலமாரியில் இருப்பதை எந்தக் கடைக்காரரும் ராத்திரியில் வந்து எடுத்துப்போக முடியாது.

“பிடிஎஃப் இருக்கிறதே சார், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவும் இரவல்தானே” என்று ஒரு தம்பி கேட்டார். மதுரைத் திட்டம் போல முறையாக இலவசமாகத் தருவதைத் தாராளமாக அனுப்புங்கள். நம் நாட்டில் எழுத்தாளர் காலமாகி 60 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் புத்தகத்தை ஸ்கேன் செய்து ஐந்நூறு பேருக்கு அனுப்புவது இரவல் ஆகாது. இரவல் கொடுத்தால் நம் கையில் அது இருக்காது. திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். நம் குடியிருப்புக் குழுவிலும் அப்படிச் சில பிடிஎஃப் வந்தது. அனுப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார். இனி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் படிப்பதையும் காகிதத்தில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் ஒரு ஆய்வு வெளியானது. படித்தவர்கள் மொத்தம் 1,70,000 பேருக்கு மேல். பாடம், கட்டுரை போன்ற தகவல் நூல்களைக் காகிதத்தில் படித்தவர்களுக்கே நன்றாகப் புரிந்திருந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கதை படிப்பதில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆக, நான் டேப்லெட்டில் கல்கி படிப்பதில் நஷ்டம் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை அறிவியல் பாடத்தை போனிலேயே படித்து முடிப்பதில்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தாத்தா டேப்லெட்டைப் பிடித்திருந்தால் அவர் படிக்கிறாரா, யூடியூப் பார்க்கிறாரா என்று பேரனுக்குத் தெரியாது. புத்தகத்தைப் பிடித்திருந்தால் தெரியும். அட்டையைப் பார்ப்பான், “இது என்ன கதை?” என்று கேட்பான்.

நாம் சொத்து வரி கட்டும்போது அதோடு நூலக வரியும் கட்டுகிறோம். 1948ஆம் வருடச் சட்டப்படி வந்த வரி. இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. அரசு நூலகம் நம் பணத்தில்தான் நடக்கிறது என்பதை ஞாபகம் வையுங்கள், போய் உறுப்பினர் ஆகுங்கள். நம் ஊர் காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று, 2023இல், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைத் திறந்தார்கள். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள்.

ஆனால் லிஃப்டில் இறங்கினால் வந்துவிடும் தூரத்தில் இருப்பது நம் படிப்பகம்தான். பார்சலுக்கும் இடம் வேண்டும், மறுக்கவில்லை. ஆகவே ஒரு சமரசம் சொல்கிறேன். வாசல் பக்கத்து பாதி அறை பார்சலுக்கு இருக்கட்டும். ஜன்னல் பக்கத்தில் இரண்டு அலமாரியும் மேஜையும் இருக்கட்டும். இரவல் நோட்டு ஒன்று போடுவோம். பேரேடு எழுதிய கை, அதை நானே எழுதுகிறேன். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், பெரியவர்களுக்கு போனில் எழுத்தைப் பெரிதாக்கவும் இலவச நூல்களை இறக்கவும் இளைஞர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். பதிலுக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் கதை படித்துக் காட்டுகிறோம். அலமாரியைக் காலி செய்தே ஆக வேண்டும் என்றாலும், எடைக்குப் போடுவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை வந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், கடன் கொடுக்கல் வாங்கல் இருக்கும் வரைதான் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கும். இரண்டு வருடமாக எதிரெதிர் வீட்டில் இருந்தும் பெயர் தெரியாத குடும்பங்கள் நம் பிளாக்கிலேயே இருக்கின்றன. ஒரு புத்தகம் இரவல் கேட்டுக் கதவைத் தட்டுங்கள். முதல் இரவல் என் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். எடைக்குப் போனது போக இருபத்தெட்டு புத்தகம் மிச்சம் இருக்கிறது.