தீராத களைப்பும் மண்ணீரலும்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



நான் வைத்தியர் இல்லை. கலைப்பாடங்கள் படித்துவிட்டு இந்த நிறுவனத்தின் தகவல் பிரிவில் வேலை செய்கிறேன். வைத்தியர்களிடமும் தாதியரிடமும் கேட்டறிந்ததை உங்களுக்கு விளங்கச் சொல்வதே என் வேலை.

பற்றை வெட்டி, கிணறு இறைத்து, கொட்டில் போட்டு நீங்கள் எல்லோரும் களைத்துப் போயிருக்கிறீர்கள். அந்தக் களைப்பு நித்திரை கொண்டால் ஆறிவிடும். வாரக்கணக்கில் ஆறாத களைப்பு வேறு. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நாம் அதிகம் கதைக்காத ஒன்று மண்ணீரல்.

வயிற்றின் இடப்பக்கம், விலா எலும்புகளுக்குக் கீழே, ஒரு கைப்பிடி அளவில் மண்ணீரல் இருக்கிறது. வளர்ந்தவர்களில் அதன் நிறை ஏறக்குறைய 150 கிராம். இரத்தத்தில் உள்ள செங்குழியங்கள் சுமார் 120 நாட்கள் வாழும். அதன்பின் பழுதானவற்றைப் பிடித்து அழிப்பது மண்ணீரல்தான். கிருமிகளையும் அது வடிகட்டுகிறது. இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுகளில் மூன்றிலொரு பங்கையும் தன்னிடம் வைத்திருக்கிறது.

வேறொரு வருத்தத்தால் மண்ணீரல் வீங்கினால் அது அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்கலாம். பழுதானவற்றோடு நல்ல குழியங்களையும் பிடித்துவிடும். செங்குழியம் குறைந்தால் முகம் வெளிறும், மூச்சு வாங்கும். வெண்குழியம் குறைந்தால் கிருமித்தொற்று அடிக்கடி வரும். சிறுதட்டு குறைந்தால் முரசில் இரத்தம் கசியும், சிறிய அடிக்கும் தோல் கண்டிப்போகும். கொஞ்சம் சாப்பிட்டவுடனேயே வயிறு நிறைந்ததுபோல இருப்பதும், இடப்பக்க விலாவின் கீழ் பாரமாக இருப்பதும் வீக்கத்தின் அடையாளங்கள்.

மண்ணீரல் தானாகக் கெடுவது அரிது. ஆகவே அது ஏன் வீங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலாவது, மலேரியா. திரும்பத் திரும்ப மலேரியா வந்தவர்களுக்கு மண்ணீரல் வீங்கும். எங்கள் முதியவர்கள் இதைத்தான் காய்ச்சற்கட்டி என்றார்கள். அந்தக் காலத்தில் ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்று அறிய, பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து வீங்கிய மண்ணீரல்களை எண்ணினார்கள். 2012 ஒக்டோபருக்குப் பின் இலங்கைக்குள் மலேரியா தொடர்ச்சியாகப் பரவவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றிதழ் தந்தது. ஆனாலும் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இங்கே இன்னும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் காய்ச்சல் வந்தால், எங்கிருந்து, எப்போது வந்தோம் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஈரல் நோய். நீண்டகாலக் குடியாலோ ஈரல் அழற்சியாலோ ஈரல் இறுகிவிட்டால், அதனூடாகப் போக வேண்டிய இரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்கும். இரத்த வாந்தி, கறுப்பு மலம் இரண்டும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மூன்றாவது, தலசீமியா. இது பரம்பரையாக வரும் இரத்த நோய். தாய், தகப்பன் இருவரும் அதன் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இவர்களுக்கு உடம்பில் இரும்பு அதிகம் சேரும். ஆகவே இரத்தம் குறைவு என்றவுடன் பரிசோதிக்காமல் இரும்புச் சத்துக் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் குளிசையைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். இவை தவிர, சில இரத்தப் புற்றுநோய்களிலும் மண்ணீரல் வீங்கும்.

வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் செய்யச் சொல்வார். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. வீங்கிய மண்ணீரல் அடிபட்டால் வெடிக்கக்கூடும். எண்ணெய் பூசி வயிற்றை உருவிவிடுவதும், அழுத்துவதும் வேண்டாம். வைத்தியரைக் கேட்காமல் நோக் குளிசை போடவும் வேண்டாம். சில குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டும்.

பெரும்பாலும் மூல நோய்க்கே சிகிச்சை செய்வார்கள். சிலருக்கு மட்டும் மண்ணீரலை அகற்ற நேரும்.

இங்கே இன்னொரு முக்கியமான விடயம். ஷெல் காயத்தாலோ விபத்தாலோ மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கலாம். மண்ணீரல் இல்லாமலும் வாழலாம். ஆனால் கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே உயிராபத்தாக மாறக்கூடும். இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். போட வேண்டிய தடுப்பூசிகள் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள்.

வயிற்றில் பெரிய தழும்பு இருந்தும், உள்ளே என்ன எடுத்தார்கள் என்று தெரியாதவர்களைச் சந்தித்திருக்கிறேன். இடம்பெயர்ந்தபோது அட்டைகள் தொலைந்துவிட்டன. அது அவர்களின் பிழையல்ல. தழும்பைக் காட்டிக் கேளுங்கள். ஸ்கான் செய்து பார்த்துச் சொல்வார்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு கொப்பி எடுங்கள். வீட்டில் யாருக்கு மலேரியா வந்தது, யாருக்கு இரத்தம் ஏற்றினார்கள், யாருக்கு என்ன சத்திரசிகிச்சை நடந்தது என்று ஞாபகம் உள்ளவரை எழுதுங்கள். தொலைந்த அட்டைகளுக்குப் பதிலாக, கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள்.