ஆசிரியர் எழுதும் சீட்டு

(மயிலாப்பூரில் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் கவனம் எல்லாம் தேர்ச்சி விழுக்காட்டின் மேல்தான் இருக்கும். அன்று தேறாத பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஓர் அமைப்பு நமக்குப் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் அது. மனம் உடைந்தவர்கள் சொல்வதை அங்கே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

முன்பெல்லாம் ஒரு பாடத்தில் தவறினாலும் அடுத்த தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும், ஓராண்டு வீணாகும். இதை மாற்ற வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் சினேகா முக்கியமானது. 2000களின் தொடக்கத்தில், முடிவு வந்த கையோடு துணைத் தேர்வு எழுதும் வழி தமிழ்நாட்டில் பிறந்தது. தேறினால் அதே ஆண்டில் மேல்படிப்பு. அந்தப் பிள்ளைகளின் துயரத்துக்கு இங்கே கொடுக்கப்பட்டது மாத்திரை அல்ல. தேர்வு அட்டவணையில் ஒரு மாற்றம்.

இப்படி, மருந்தால் தீராத துன்பத்துக்கு வாழும் சூழலிலேயே வழி தேடித் தருவதைப் பிரிட்டனில் 'சமூகப் பரிந்துரை' என்கிறார்கள். தனிமையால் வாடும் முதியவருக்கு மருத்துவர் தூக்க மாத்திரை மட்டும் எழுதுவதில்லை. தோட்ட வேலைக் குழு, பாட்டுக் குழு, நடைப்பயிற்சிக் குழு என ஒன்றில் அவரைச் சேர்த்துவிடச் சொல்கிறார். அப்படிச் சேர்த்துவிடுவதற்கென்றே இணைப்புப் பணியாளர்கள் உண்டு. 2019 முதல் அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவை அவர்களைப் பெருமளவில் நியமித்தது. எந்தத் தெருவில் என்ன குழு எந்த நாளில் கூடுகிறது என்ற பட்டியலைக் கணினியில் வைத்துக்கொள்வதும், சேர்த்துவிட்டவரைப் போனில் விசாரிப்பதும் அவர்கள் வேலையில் அடங்கும்.

நம் ஊரில் அப்படியொரு பணியாளர் இல்லை. ஆனால் எந்த வீட்டில் யாருக்கு என்ன கவலை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்தப் பணியில் பாதியை நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம். மீதிப் பாதியைக் கொஞ்சம் முறைப்படுத்தலாம் என்பதே என் வேண்டுகோள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அம்மாவுக்குத் தியாகராய நகர் ஜவுளிக் கடையில் வேலை. வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிவிடும். துணையாக இருந்த பாட்டி இறந்த பிறகு பிள்ளை யாரோடும் பேசுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். "எல்லாரோடும் கலகலப்பாகப் பழகும்மா" என்றால் அது அறிவுரை. அதைக் கேட்டு அவள் தலையாட்டுவாள், அவ்வளவுதான். முதலில், "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்க வேண்டும். கதைப் புத்தகம் என்றால், சனிக்கிழமை காலை பத்து மணி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு, கூட வருபவர்கள் இரு தோழிகளும் அவர்களில் ஒருத்தியின் அம்மாவும் என்று ஏற்பாடு செய்தால் அது பரிந்துரை. இடம், நேரம், துணை மூன்றும் அதில் இருக்கின்றன. திங்கட்கிழமை, "போனாயா? என்ன படித்தாய்?" என்று கேட்பது நான்காவது. இந்த நான்காவதை விட்டுவிட்டால் முதல் மூன்றும் வீண்.

இதில் கைப்பேசிக்கு என்ன வேலை? வெள்ளிக்கிழமை மாலை அம்மாவுக்கு ஒரு நினைவூட்டல் செய்தி அனுப்பலாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் உதவியோடு ஒரு பக்கப் பட்டியல் தயாரித்து ஆசிரியர் குழுவில் பகிரலாம். நாகேஸ்வரராவ் பூங்கா, பனகல் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை, கிளை நூலகங்கள், விளையாட்டுத் திடல்கள் என இப்பகுதியில் இடங்களுக்குக் குறைவில்லை. எங்கே, எந்த நாளில், யாரைப் பார்க்க வேண்டும், கட்டணம் உண்டா என்பதை எழுதுங்கள். பருவத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள். தயங்கித் தயங்கி ஒரு தாய் அழைக்கும் எண் வேலை செய்யாவிட்டால், அவர் இரண்டாம் முறை யாரையும் அழைக்க மாட்டார்.

உதவி எண்கள் அப்பட்டியலின் தலைப்பில் இருக்கட்டும். 14416 என்பது 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார்; தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். 104 நம் மாநிலத்தின் மருத்துவ உதவி எண். 1098 குழந்தைகளுக்கானது, 14567 முதியோருக்கானது. வீட்டில் தனித்திருக்கும் தாத்தா பாட்டிகள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நிறைய. விருப்பமுள்ளவர்களைப் பள்ளிக்கே அழைத்து, ஆசிரியர் முன்னிலையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் செய்தால் இரு தரப்பின் தனிமையும் குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள். பட்டியல் குழுவில் போகலாம். பிள்ளையின் கதை போகக் கூடாது. பெயரோ படமோ வீட்டுப் பிரச்சினையோ வாட்ஸ்அப்பில் ஒரு முறை போய்விட்டால் திரும்ப வராது. இன்னொன்று, பூங்காவும் நூலகமும் சிகிச்சைக்கு மாற்று அல்ல. "வாழப் பிடிக்கவில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் உடனே தெரிவித்து, 14416க்கு அப்போதே அழையுங்கள். பெற்றோரால்தான் பிள்ளைக்குத் துன்பம் என்றால் முதல் அழைப்பு 1098க்குப் போகட்டும்.

வகுப்புக்கு ஒரு பிள்ளையோடு தொடங்குவோம். அடுத்த தேர்வு முடிவு நாளில், தேறாதவர்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அன்று மாலைக்குள் அவர்களோடு பேசப்போகும் ஆசிரியரின் பெயரை முன்கூட்டியே எழுதி வைப்போம். துணைத் தேர்வுத் தேதியை அந்த ஆசிரியர் கையில் வைத்திருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு அன்று தேவைப்படும் முதல் சீட்டு அதுதான்.