கப்பல் நின்ற நேரத்தில் ஒரு ரக்பி ஆட்டம்



1950 செப்டம்பர். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மாதக்கணக்கில் ரக்பி ஆடிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணி, வழியில் கொழும்பில் இறங்கியது. தலைவர் அயர்லாந்துக்காரர் கார்ல் முல்லன். நியூசிலாந்தில் நான்கு டெஸ்ட் ஆடி ஒன்றிலும் வெற்றி இல்லை. அந்தக் கோபமோ என்னவோ, இலங்கை அணியை 44க்கு 6 என்று துவைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள்.

இப்படி வழியில் ஆடுவது பழைய வழக்கம். சூயஸ் வழியாகப் போகும் கப்பல் கொழும்பில் நிலக்கரி ஏற்றும். அதற்குள் ஓர் ஆட்டம். 1907இல் வந்த நியூசிலாந்துக்காரர்களும் அப்படித்தான். 'நியூசிலாந்தின் தேசிய அணி ஆல் பிளாக்ஸே வந்தார்கள்' என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. உண்மையில் வந்தது பாஸ்கர்வில் என்பவர் திரட்டிய, காசு வாங்கி ஆடும் அணி. சொந்த ஊர்ச் சங்கமே தள்ளிவைத்த ஆட்கள்! நம்மவர்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஆடினார்கள், 33க்கு 6 என்று தோற்றார்கள்.

நம்மவர்கள் என்றேன். யார் அந்த நம்மவர்கள்? அந்தக் காலத்தில் இலங்கைக்கு ஆடியவர்கள் பெரும்பாலும் கொழும்புக் கம்பெனி வெள்ளைக்காரர்களும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரைமாரும்தான். டிக்கோயா, டிம்புலை, நம்ம ஊவா எல்லாவற்றிலும் துரைமாருக்குக் கிளப் இருந்தது. விடியற்காலை பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களை மலைக்கு அனுப்பிய சின்னத்துரை, ஓய்வு நாளில் பந்தோடு ஓடுவார். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தபிறகு கொழும்புக்குப் போய் ஆடுவதும் லேசாகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளை அந்த ஆட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு உறுத்துவது அதுகூட இல்லை. சீமையிலிருந்து வேலைக்கு வந்து, சில வருடம் பங்களாவில் இருந்த துரை இலங்கைச் சட்டை போட்டு ஆடலாம்; அவரை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பசறையிலும் தெமோதரையிலும் பாட்டன் காலத்திலிருந்து கொழுந்து பறித்தவர்களிடம் மட்டும் 1948 குடியுரிமைச் சட்டம் அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவுத் துண்டு எந்த லயத்தில் இருந்தது? லயன்ஸ் வந்த வருடம் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள். 1947இல் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய பதுளைத் தோட்டங்களில், 1952 தேர்தலில் பெரும்பாலானவர்களுக்கு வாக்குச்சீட்டே இல்லை.