சேகும் வெளிறும்

 

தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. ஏரி தூர்ந்தாலும் பெயர் பொய்ப்பதில்லை. 2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களின் முதல் நாள்களில் அடையாறு கரைபுரண்டு இவ்வூருக்குள் புகுந்தது. வெள்ள நீரில் ஊறிய துகட்பலகைப் பேழை உப்பிப் பொடிந்து போகும். நன்மரக் கதவோ, உப்பி நிலையில் இறுகினும், நிழலில் பொறுமையாக உலர்த்தினால் ஏறத்தாழப் பழைய அளவுக்கே மீளும். ஏன் அவ்வாறு? மரத்தின் உள்ளமைப்பை அறிந்தவனே இதற்கு விடை சொல்வான்.

மரம் என்பது நெடுகக் கிடந்து கட்டுண்ட நுண்குழல்களின் கற்றை. வேரிலிருந்து இலைக்கு நீரேற்றும் குழல்கள், வலுவூட்டும் நார்கள், நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் ஆரக்கதிர்கள் ஆகிய இவையே அதன் உறுப்புகள். பச்சை மரத்தில் நீர் ஈரிடங்களில் உள்ளது. ஒன்று குழலின் புழையில். மற்றொன்று குழற்சுவரின் உள்ளே ஊறியது. புழைநீர் வெளியேறினால் எடை குறையுமேயன்றி மரம் சுருங்காது. சுவர்நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். முற்றும் உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு ஈரம் எஞ்சும் நிலையே அவ்வெல்லை.

சுருக்கமும் எல்லாப் போக்கிலும் ஒன்றன்று. நெடுக்கில் இல்லையென்றே சொல்லலாம். ஆரப்போக்கில் ஒரு பங்கு என்றால், வளையத்தைச் சுற்றிய போக்கில் ஏறத்தாழ இரு பங்கு. இவ்வேறுபாட்டினால்தான் உருட்டுக்கட்டை உலரும்போது நடுநோக்கி வெடிக்கிறது; பக்கத்தில் அறுத்தெடுத்த பலகை பட்டைப் பக்கமாகக் குழிகிறது. வெட்டுமுகத்தில் வளையங்கள் எப்படி வளைந்துள்ளன என்று பார்த்தால், பலகை நாளை எப்பக்கம் குழியும் என்பதை இன்றே சொல்லிவிடலாம்.

கடற்காற்று வீசும் சென்னையில், நன்கு உலர்ந்த மரத்திலும் நூற்றுக்கு 12 முதல் 15 வரை ஈரம் நிற்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அது ஏறும்; சித்திரை வெயிலில் இறங்கும். சித்திரையில் இடைவெளியின்றிப் பொருத்திய கதவு கார்த்திகையில் பிடிக்கிறதென்றால் குற்றம் மரத்தினதன்று, கணக்கினது. பழைய வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். சட்டத்தில் காடி எடுத்து, உள்பலகையைப் பசையின்றி நுழைத்து, அது அசைய இடம் விட்டிருப்பர். பலகையை இறுக ஒட்டிவிட்டால் அது சட்டத்தைப் பிளக்கும் அல்லது தானே பிளக்கும் என்பதை எழுதப் படிக்க அறியாத தச்சனும் அறிந்திருந்தான்.

அவனிடம் சொற்களும் இருந்தன. மரத்தின் புறத்தே வெளுத்திருக்கும் உயிர்ப்பகுதி வெளிறு. அகத்தே நிறமேறி இறுகிய பகுதி சேகு. காழ் என்பதும் அதுவே. வெளிற்றில் மாவுப்பொருள் தங்கியிருப்பதால் வண்டு துளைக்கும், மரம் உளுக்கும். சேகில் மாவில்லை, மரமே ஊட்டி வைத்த கசப்பும் நெய்ப்பும் பிசினும் அதனைக் காக்கின்றன. தேக்கேயாயினும் அதன் வெளிறு உளுத்தே போகும். வெளிறு என்னும் இச்சொல்லைத் திருவள்ளுவர் அறியாமைக்கு ஆண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே காழுடையதைப் புல் என்றும் அகத்தே காழுடையதை மரம் என்றும் பிரித்தது. பனையும் தெங்கும் மூங்கிலும் புறக்காழின. பனையின் வெளிப்புறம் இரும்பை ஒக்கும். உள்ளே இருப்பதோ சோறு. அதனால்தான் பனங்கைமரம் செய்வோன் புறத்தை வைத்துக்கொண்டு உள்ளீட்டைக் கழிக்கிறான். இன்றைய நிலைத்திணையியலும் பனையை மரங்களோடு சேர்க்காமல் புல்லுக்கு நெருங்கிய ஒருவித்திலைப் பிரிவிலேயே வைக்கிறது. ஆங்கிலேயரோ மரங்களை வன்மரம், மென்மரம் என்று பிரித்தனர். அப்பிரிவின்படி, தக்கைபோல் மிதக்கும் பால்சா வன்மரமாம்! குழலுள்ளதா இல்லதா என்பதே அங்கு உண்மையான வேறுபாடு. பெயரோ வன்மையைச் சொல்லி மயக்குகிறது.

இனி, மரத்தை இனங்காணும் முறை. இழைத்த முகத்தைப் பார்த்து மரம் வாங்குவது முகப்பூச்சைப் பார்த்துப் பெண் பார்ப்பது போன்றது. கூரிய உளியால் வெட்டுமுகத்தைச் சீவி, சிறிது நீர் தடவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லையால் நோக்க வேண்டும். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெருந்துளைகள் கோத்த மணிபோல் வரிசையாக நிற்கும். தொட்டால் நெய்ப்பு, முகர்ந்தால் பதனிட்ட தோலின் மணம். வேங்கைச் சீவலை நீரிலிட்டால் நீர் பொன்னிறமேறி, ஒளியில் நீலம் பளிச்சிடும். ஈட்டி கருஞ்செந்நிறக் கீற்றுகளால் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். செஞ்சந்தனமும் கருங்காலியும் நீரில் அமிழும். வாகையிலும் வேம்பிலும் நார்கள் மாறிமாறிச் சாய்ந்தோடுவதால் இழைப்புளி ஒரு போக்கில் வழுக்கும், அடுத்த விரலளவில் பிய்க்கும். அங்கே கூர்மையும் மெல்லிய சீவலுமே துணை.

மரக்கடைப் பெயர்களை நம்பி ஏமாறுவோர் பலர். 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்று விற்கப்படுவனவற்றுள் ஆப்பிரிக்காவில் நட்டு வளர்த்த உண்மைத் தேக்கும் உண்டு. தேக்கே அல்லாத இரோக்கோவும் உண்டு. இரோக்கோவில் துளைகள் வரிசை கொள்ளாமல் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு துளையையும் சூழ்ந்து சிறகு போன்ற வெளிர்ப்பகுதி தெரியும். வில்லை ஒன்றிருந்தால் ஒரு நொடியில் வெளிப்படும் பொய் இது. 'மலேசியச் சால்' என்பதும் அத்தகையதே. சால் வடநாட்டு மரம். மலேசியாவில் அது விளைவதில்லை. பெரும்பாலும் அதன் உறவினங்களே அப்பெயரில் வந்திறங்குகின்றன. அவை தீயவை என்பதன்று. வாங்குவோன் எதை வாங்குகிறான் என்று அறியாமல் வாங்குகிறான் என்பதே குறை. 2014 ஏப்பிரலில் பர்மா உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடுத்த பின்னர், பல நாட்டு இளந்தேக்குகள் சந்தையை நிறைத்துள்ளன. வளையம் அகன்றிருப்பது கொண்டே அவற்றை வலுவற்றவை எனத் தள்ளலாகாது. பார்க்க வேண்டுவது சேகின் அளவு. சாயம் பூசி வெளிற்றைச் சேகாக்கி விற்பதும் நடக்கிறது. வெட்டுமுகத்தைச் சீவினால் சாயத்தின் ஆழம் தெரிந்துவிடும்.

இத்துணைச் சிறப்பினதாகிய தேக்கு என்னும் சொல்லையே மேற்குக் கரையில் போர்த்துக்கீசியர் கேட்டுத் 'தேக்கா' என்றனர். அவர்வழி ஆங்கிலன் 'டீக்' என்றான். தேக்கு என்னும் சொல்லை உடைய தமிழன் இன்று கடையில் நின்று 'டீக் உட்' கேட்கிறான்! சேகு என்ற சொல்லை இழந்தவன், பலகையில் சேகு எவ்வளவு என்று கேட்கவும் மறந்தான். இழப்பு சொல்லோடு நிற்கவில்லை, பணத்திலும் விழுந்தது. மரம் வாங்கும்போது கட்டணச் சீட்டில் மரத்தின் பெயர், வந்த நாடு, சேகு எத்துணை, வெளிறு எத்துணை என நான்கையும் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள்; எழுதித் தர மறுக்கும் கடையில், வெட்டுமுகத்தைச் சீவிப் பார்க்காமல் ஒரு பலகையும் எடுக்காதீர்கள்.