கதவு திறந்தது என்பதற்காக நுழைந்து விடாதீர்கள்!

(தொழிலுக்காகவும் வேலைக்காகவும் சென்னைக்கு வந்திருக்கும் இளைஞர்கள், வியாபாரிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கீழக்கரையிலிருந்தும் இளையான்குடியிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ஆண்டுதோறும் நம் வாலிபர்கள் சென்னைக்கு வந்து இறங்குகிறார்கள். முதல் வாரம் தெரிந்தவர் அறையில் ஒண்டிக் கொள்கிறார்கள். அடுத்த வாரம் வீடு தேடும் படலம் தொடங்குகிறது. 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்கும். போன் செய்தால் குரல் இனிக்கும். பெயரைச் சொன்னவுடன், "இப்பத்தாங்க ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள். இன்னொருவர், "நாங்க சுத்த சைவம்" என்பார். மற்றொருவர், "பேச்சிலருக்குக் கொடுக்கறதில்லை" என்பார். இப்படி ஏழெட்டுக் கதவுகள் மூடிய பிறகு ஒரு கதவு திறக்கிறது. அப்போது நம் பையன் என்ன செய்கிறான்? சுவரைப் பார்ப்பதில்லை, படியைப் பார்ப்பதில்லை, தெருவைப் பார்ப்பதில்லை. 'அல்ஹம்துலில்லாஹ், கிடைத்தது' என்று அட்வான்ஸை எடுத்து நீட்டி விடுகிறான்.

மூடிய கதவுகளைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். பேச வேண்டியதும் நியாயம்தான். ஆனால் இன்று நான் பேச வந்தது திறந்த கதவைப் பற்றி! மறுக்கப்பட்டவன் அவசரப்படுகிறான். அவசரப்படுகிறவன் தலையில், மற்றவர்கள் பார்த்து வேண்டாம் என்று தள்ளிய வீடு வந்து விழுகிறது. மறுக்கப்படுவது அவமானத்தோடு போய்விடும். இந்த அவசரம் உயிரையே கேட்கும்.

'நம்ம ஏரியாதானே பாய், என்ன பயம்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் பக்கத்தில், ஹலால் கடை எதிரில், சலாம் சொல்ல நாலு பேர். மனத்துக்கு அது தெம்புதான், மறுக்கவில்லை. ஆனால் மும்பை பேந்தி பஜார் நம்மவர்கள் நெருங்கி வாழும் இடம் இல்லையா? அங்கே பக்மோடியா தெருவில் நூற்றாண்டைக் கடந்த ஹுசைனி கட்டடம் 2017 ஆகஸ்ட் 31ஆம் தேதி காலையில் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டார்கள். டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8ஆம் தேதி விடியற்காலையில், பையும் தொப்பியும் தைத்துக் கொண்டிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. வேலை செய்த இடத்திலேயே படுத்துத் தூங்கிய 43 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பீகாரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். நெருப்பில் எரிந்தவர்களை விடப் புகையில் மூச்சு முட்டியவர்களே அதிகம். ஜன்னல்களில் கம்பி; இறங்க வழியில்லை. சொந்தக்காரர்கள் சூழ இருந்தாலும், இடிகிற சுவரும் அடைத்த படியும் ஆள் பார்ப்பதில்லை, சகோதரர்களே!

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடுத்த பகுதியைப் பற்றி யாரோ சொன்ன கெட்ட பெயரை நாமும் அப்படியே நம்பி விடுகிறோம். 'வியாசர்பாடியா? வேண்டவே வேண்டாம். புளியந்தோப்பா? ஐயோ!' சொன்னவரிடம், 'அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு நாளும் இருந்திருக்க மாட்டார். 1997 நவம்பர் கலவரத்துக்கும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளுக்கும் பிறகு கோவை கோட்டைமேட்டின் பெயர் என்ன பாடு பட்டது என்று நமக்குத் தெரியும். ஒரு பகுதியின் பெயரைக் கேட்டே ஆளை எடை போடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அனுபவித்த நாமே, உழைக்கும் ஏழைகள் வாழும் தெருவுக்கு அதே அநியாயத்தைச் செய்யலாமா? அந்தத் தெருவில் கதவுகள் திறந்திருக்கும், திண்ணையில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், புது ஆள் வந்தால் நாலு பேர் கேட்பார்கள். சந்தடியில்லாத சொகுசுத் தெருவில் கத்தினாலும் கதவு திறக்காது. பெயரை விடுங்கள். தெருவைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? கால்நடையாகத்தான். புரோக்கர் உங்களைக் காலை பதினொரு மணிக்குக் கூட்டிப் போவார். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நல்ல தெருதான்! இரவு பத்து மணிக்கு மேல் நீங்கள் தனியாகப் போங்கள். பக்கத்தில் டாஸ்மாக் கடை இருந்தால் அது மூடுவது பத்து மணிக்கு; அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் எந்தத் தெரு வழியாகக் கலைகிறது என்று நின்று பாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து, ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். எத்தனை விளக்கு எரிகிறது? எத்தனை கடை திறந்திருக்கிறது? பிறகு சுபுஹுக்கு முன்னால் ஒரு முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. மூன்று நடை நடந்தால் போதும், புரோக்கர் மூன்று மாதம் பேசினாலும் சொல்லாததைத் தெரு சொல்லி விடும்.

யாரிடம் கேட்பது? வீட்டுக்காரரிடம் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் ஆள் நிலைக்காமல் மாறிக் கொண்டே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆட்டோ ஸ்டாண்டில், இரவு பன்னிரண்டு மணிக்கு இந்தத் தெருவுக்குள் வருவீர்களா என்று கேளுங்கள். மருந்துக் கடையில் கேளுங்கள். பள்ளிவாசல் மோதினாரிடம் கேளுங்கள். இருட்டில் எழுந்து தெருவைப் பார்க்கிறவர் அவர். குடும்பத்தோடு வருகிறவர் என்றால், வேலை முடித்து இரவில் வீடு திரும்பும் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பெண்கள் போய்க் கேட்கட்டும். ஆண்களுக்குத் தெரியாத ஒரு தெரு பெண்களுக்குத் தெரியும். வீட்டைப் பார்க்குமுன் அண்டை வீட்டானைப் பார் என்று அரபியில் ஒரு பழமொழி உண்டு. நாம் டைல்ஸைப் பார்த்து விட்டு வந்து விடுகிறோம்!

சென்னையில் திருடனை விடப் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் இந்த நகரம் பட்ட பாட்டை நம் இளைஞர்கள் மறக்க மாட்டார்கள். படகில் போய் மதம் பார்க்காமல் மக்களை மீட்டவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மறுபடி மூழ்கின. ஆகவே, '2015ல் இங்கே எவ்வளவு தண்ணீர்? 2023ல் எவ்வளவு? எத்தனை நாள் நின்றது?' என்று ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். 'மழையில் தண்ணீர் வருமா?' என்று பொதுவாகக் கேட்டால் 'சே, சே' என்பதுதான் பதில். காம்பவுண்டு சுவரின் அடிப்பக்கம் மட்டும் புது பெயிண்ட் அடித்திருக்கிறதா, மரக் கதவின் அடி ஊறி உப்பியிருக்கிறதா, மின் மீட்டரைப் பெயர்த்து மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ரோடு போடப் போட உயர்ந்து, வீடு பள்ளத்தில் போன தெருக்கள் இங்கே ஏராளம். வாசற்படி ரோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா? ஊர்ப் பெயரே பாதி கதையைச் சொல்லும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றும் ஒரு சாலை இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். ஏரி போனாலும் தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது.

அடுத்தது படிக்கட்டு. மண்ணடியிலும் பெரியமேட்டிலும் பழைய கட்டடங்களில் கீழே குடோன், நடுவில் ஆபீஸ், மேலே பத்துப் பேர் தங்கும் அறை. இறங்க ஒரே படி. அந்தப் படியிலும் அட்டைப் பெட்டி. செகந்திராபாத்தில் 2022 செப்டம்பர் 12 இரவு, கீழே மின்சார ஸ்கூட்டர் கடை, மேலே லாட்ஜ். கீழே பற்றிய நெருப்பின் புகை படி வழியாகவே மேலே ஏறி 8 பேரைக் கொன்றது. ஆகவே அறையைப் பார்க்குமுன் கீழே என்ன சரக்கு இருக்கிறது என்று பாருங்கள். படியில் வண்டியை நிறுத்தி பாட்டரிக்குச் சார்ஜ் போடுகிறார்களா? மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டிருந்தால் சாவி யாரிடம்? ஜன்னல் கம்பியில் ஒன்றாவது திறக்கும்படி இருக்கிறதா? மின்கசிவு ஏற்பட்டால் தானாக நிற்கும் டிரிப்பர் ஸ்விட்ச் மெயின் பெட்டியில் இருக்கிறதா? இல்லையென்றால் பொருத்தித் தரச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கிற வீட்டுக்காரர் நாளை எதற்கும் வரமாட்டார்.

இனி காகிதம். சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2017ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. வாடகைத் தகராறு வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸைக் கொட்டியவன் வீடு ஆபத்து என்று தெரிந்த பிறகும் அதை விட்டு வெளியேற முடியாமல் தவிக்கிறான். அதனால்தான் இதைப் பாதுகாப்போடு சேர்த்துச் சொல்கிறேன். பெருந்தொகை கொடுத்து லீசுக்கு எடுப்பவர்கள் சொத்து வரி ரசீதும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். லீஸ் பணத்தை வாங்குகிறவர் வீட்டுக்குச் சொந்தக்காரரே இல்லை என்ற கதைகள் நிறைய.

காவல் நிலையத்தில் கொடுக்கும் வாடகைதாரர் விவரப் படிவத்தைப் பார்த்து ஒதுங்காதீர்கள். வீட்டுக்காரர் சோம்பல் பட்டாலும் நீங்களே நினைவூட்டிக் கொடுக்கச் செய்யுங்கள்; நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஆதார் நகல் கொடுத்தால் அதன் மேல் 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள். அறையில் யார் யார் தங்குகிறார்களோ அத்தனை பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 'ஊர்க்காரர், நாலு நாள்தான்' என்று வந்து நாலு மாதம் இருப்பவரால் நாளை ஒரு விசாரணை வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் பெயர் எழுதியவர்தான். நம் பிள்ளைகளுக்கு இது எப்படிப்பட்ட சுமையாக மாறும் என்று விளக்க வேண்டியதில்லை.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. கடையோ குடோனோ எடுக்கும்போது பக்கத்துக் குடோனில் தின்னரா, ரசாயனமா, பழைய பிளாஸ்டிக்கா என்று கேட்டு விட்டு எடுங்கள். தீயணைப்பு வண்டி தெருவுக்குள் நுழைந்து திரும்ப முடியுமா என்று பாருங்கள். வசூல் பணத்தோடு இரவில் ஒரே நேரத்தில், ஒரே வழியில் போகிற பழக்கம் வேண்டாம். கடையிலேயே பையன்களைத் தூங்க வைத்து வெளியே ஷட்டரைப் பூட்டிக் கொண்டு போகிற முதலாளிகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அனாஜ் மண்டியை நினைத்துக் கொண்டு, இன்று இரவே அந்தப் பூட்டை எடுத்து விடுங்கள்! இன்சூரன்ஸ் கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, அதை ஆலிம்களிடம் கேளுங்கள். எடுத்திருப்பவர்கள் தீயோடு வெள்ளமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். எந்தத் தெருவில் எந்த வீடு காலி, 2015லும் 2023லும் எவ்வளவு தண்ணீர், எத்தனை படி, வாடகை என்ன, வீட்டுக்காரர் எப்படி, முன்பு இருந்தவர் ஏன் போனார் - இவ்வளவையும் அங்கே குடியிருந்தவரே எழுதட்டும். வீடு காலி செய்கிற ஒவ்வொருவரும் போகுமுன் ஒரு பக்கம் எழுதி விட்டுப் போகட்டும். ஊரிலிருந்து புதிதாக வருகிற தம்பி முதலில் அந்த நோட்டைப் புரட்டட்டும். பிறகு புரோக்கரிடம் போகட்டும். மண்ணடிக்கும் ராயப்பேட்டைக்கும் யார் பொறுப்பு எடுக்கிறீர்கள் என்று இங்கேயே கையைத் தூக்குங்கள். பெயரை எழுதிக் கொள்கிறோம்.